குப்பிக்குள் இருந்தது

என் சின்ன நைனா இறந்த அன்று நான் ஊரில் இல்லை. அம்பத்தூரில் ஒரு மருந்துக் கம்பெனியின் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். எண்பதுகளின் நடுப்பகுதி, ஐப்பசி மழைக்காலம். கம்பெனிக்கு போன் வந்து, வாசல் காவலாளி வந்து சொல்லி, ரயிலில் பொன்னேரி போய், பஸ்ஸில் பழவேற்காடு சேர்ந்து, படகில் ஏரியைக் கடந்து வீட்டுக்குப் போனபோது எல்லாம் முடிந்திருந்தது. வாசலில் ஈர மணல் மிதிபட்டுக் கிடந்தது.

ஆந்திர எல்லை பக்கத்தில் இருப்பதால் எங்கள் ஊரில் அப்பாவை நைனா என்போம். அப்பாவின் தம்பி சின்ன நைனா. அவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. இருவருக்கும் ஒரே படகு, ஒரே வலை. நைனா அதிகம் பேசமாட்டார். சின்ன நைனா ஓயாமல் பேசுவார். ஏரியில் எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை போடுவது என்பதற்கு ஊரில் ஒரு முறை உண்டு. அதைப் பாடு என்பார்கள். எங்கள் பாடு வரும் நாளில் சின்ன நைனாவின் குரல் கரைவரைக்கும் கேட்கும் என்று அவர் மனைவி, என் சின்னம்மா, சொல்லிச் சிரிப்பாள். அம்மா நான் கல்லூரியில் படிக்கும்போதே போய்விட்டதால், வீட்டில் எனக்கென்று பேச இருந்தவர்கள் சின்ன நைனாவும் சின்னம்மாவும்தான்.

நடந்ததைப் பலரும் பலவிதமாகச் சொன்னார்கள். எல்லோரும் ஒத்துச் சொன்னது இதுதான். சின்ன நைனாவுக்கு நாலைந்து நாளாகக் காய்ச்சல், நெஞ்சுவலி. ஊருக்கு வந்துபோகும் நர்சம்மா பார்த்து, பழவேற்காட்டு டாக்டரிடம் அழைத்துப் போனார். டாக்டர் நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது என்று ஆம்பிசிலின் ஊசி எழுதிக்கொடுத்தார். முதல் நாள் கையில் தோலுக்கடியில் கொஞ்சமாகப் போட்டுப் பார்த்து, ஒன்றும் ஆகவில்லை என்ற பிறகுதான் நர்சம்மா முழு ஊசி போட்டார். அன்று ராத்திரி காய்ச்சல் இறங்கியது. மறுநாள் காலை வீட்டுக்கு வந்து இரண்டாவது ஊசி போட்டார். அடுப்பில் வைத்த கஞ்சி பொங்குவதற்குள் சின்ன நைனா உடம்பெல்லாம் அரிக்கிறது என்றார். உதடு வீங்கியது. மூச்சு இழுத்தது. நர்சம்மா தன் பெட்டியிலிருந்து ஒவ்வாமைக்கான அட்ரினலின் ஊசியை எடுத்துப் போட்டார். இருந்தது ஒன்றுதான். நைனா படகைத் தள்ள, நாலு பேர் தூக்கி வைக்க, பழவேற்காட்டுக்குக் கிளம்பினார்கள். ஏரியின் நடுவில் மூச்சு நின்றது. நர்சம்மா அவர் தலையை மடியில் வைத்திருந்தார். கோல் ஊன்றிக்கொண்டிருந்த நைனா எதிரிலேயே நின்று அதைப் பார்த்தார்.

நர்சம்மா பொன்னேரிக்காரர். கிறிஸ்தவர். எழுபதுகளின் தொடக்கத்தில், நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது எங்கள் பக்கத்துக் கிராமங்களுக்கு வேலைக்கு வந்தார். அவருக்குத் தண்ணீர் என்றால் பயம். படகில் ஏறி உட்கார்ந்தால் கரை தட்டும்வரை கண்ணை மூடிக்கொண்டுதான் இருப்பார். பிள்ளைகள் நாங்கள் வேண்டுமென்றே படகை ஆட்டுவோம். அப்படிப் பயந்துகொண்டே பத்துப் பன்னிரண்டு வருஷம் வந்தார். எங்கள் ஊரில் பாதிப் பிள்ளைகள் அவர் பார்த்த பிரசவத்தில் பிறந்தவர்கள்.

அந்த மாதம் இன்னும் இரண்டு பெண்களுக்கு அவர் போட்ட ஊசிக்குப் பிறகு உடம்பில் தடிப்பு வந்திருக்கிறது. அப்போது யாரும் பெரிதாக நினைக்கவில்லை. சாவுக்குப் பிறகு எல்லாவற்றையும் சேர்த்துப் பேசினார்கள். அந்தம்மா கை சரியில்லை என்றார்கள். ஊசியைச் சரியாகக் கொதிக்க வைப்பதில்லை என்றார்கள். ஊர்க்கூட்டத்தில் நைனாவைக் கேட்டபோது, அவர் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாராம்.

"நம்ம ஊரு படகு அந்தம்மாவுக்கு வேணாம்."

தம்பியின் உடம்பைப் படகில் போட்டுக்கொண்டு கரை திரும்பியவரிடம் வேறு வார்த்தை எதிர்பார்க்க முடியாது. ஊரும் அதற்குமேல் பேசவில்லை. நர்சம்மா மறுவாரம் வழக்கம்போலப் பழவேற்காட்டுப் படகுத்துறைக்கு வந்து நின்றிருக்கிறார். எங்கள் ஊர்ப் படகுகள் மீனை இறக்கிவிட்டு அவரைப் பார்க்காததுபோலத் திரும்பிவிட்டன. வெயில் ஏறும்வரை நின்றுவிட்டுப் போய்விட்டார். அதற்கடுத்த வாரமும் வந்து நின்றார். மூன்றாவது வாரம் வரவில்லை.

கருமாதி முடிந்து நான் சென்னைக்குத் திரும்பும்போது பழவேற்காடு பஸ் நிற்குமிடத்தில் அவரைப் பார்த்தேன். எனக்காகத்தான் காத்திருந்தார். முகம் மெலிந்து கறுத்திருந்தது. 

"நீ மருந்து டெஸ்ட் பண்ற எடத்துலதான வேலை செய்யற?" என்றார்.

"ஆமா, சிஸ்டர்."

கைக்குட்டையில் முடிந்திருந்ததை அவிழ்த்துக் காட்டினார். சீல் உடைக்காத ஆம்பிசிலின் குப்பிகள், வெள்ளைப் பொடியுடன். "ஒங்க சித்தப்பாவுக்குப் போட்ட அதே டப்பாவுல இருந்தது. மீதிய ஆபீஸ்ல திருப்பி வாங்கிக்கினாங்க. இது என் பையில தங்கிப்போச்சு. நீ பாரு."

"இதுல இன்னா பாக்கணும் சிஸ்டர்?"

"எனக்கு இன்னா தெரியும்? நான் தப்பு பண்ணலன்னு நீ சொல்லணும்னு கேக்கல. தப்பு எதுலன்னு தெரியணும். தெரியாம எனக்குச் சோறு எறங்கல."

பஸ் வந்துவிட்டது. வாங்கிக்கொண்டேன்.

எங்கள் பிரிவின் தலைவரை நாங்கள் சார் என்று மட்டும்தான் கூப்பிடுவோம். கண்டிப்பானவர். குப்பிகளை மேஜைமேல் வைத்து நடந்ததைச் சொன்னேன். கம்பெனி பெயர் எழுதிய லேபிளைப் பார்த்தார். எங்கள் கம்பெனி மருந்து இல்லை.

"இது நம்ம வேலை இல்லம்மா," என்றார். ஒரு குப்பியைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். பொடி ஒரு பக்கம் லேசாகக் கட்டி தட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. "மத்தியானம் கருவி சும்மா இருக்கும். அப்ப ஓட்டிப் பாரு. ஆனா ஒண்ணு. கண்டுபிடிக்கணும்னு நெனச்சுக்கிட்டு பாக்காத. இருக்கறத மட்டும் பாரு."

அந்தக் கருவி எங்களிடம் வந்து அதிக நாள் ஆகவில்லை. திரவ குரோமட்டோகிராபி என்று பெயர். உள்ளே விரல் பருமனில் ஒரு இரும்புக் குழாய். நுண்ணிய மணிகள் அடைத்த அந்தக் குழாயை நாங்கள் ஆங்கிலத்தில் ‘காலம்’ என்போம், தூண் என்று பொருள். கரைத்த மருந்தில் ஒரு சொட்டை அதன் தலையில் செலுத்தினால், பம்பு திரவத்தை அழுத்தத்துடன் தள்ளிக்கொண்டே இருக்கும். மருந்தும் அதில் கலந்திருக்கும் வேண்டாத பொருள்களும் அந்த மணிகளோடு ஒட்டியும் விட்டும், ஆளுக்கொரு வேகத்தில் மறுமுனைக்கு வந்து சேரும். ஒவ்வொன்று வெளியே வரும்போதும் ஓடுகிற தாளில் பேனா எழும்பி ஒரு கூம்பு போட்டுவிட்டு இறங்கும். அதைப் பீக் என்போம். சுத்தமான மருந்துக்கு ஒரே பெரிய பீக் வரும்.

நர்சம்மா கொடுத்த குப்பியைத் திறந்து கரைத்து உடனே செலுத்தினேன். முதலில் ஒரு சின்ன பீக். அது எனக்குத் தெரிந்ததுதான். ஆம்பிசிலின் ஈரம் பட்டு உடைந்தால் வருவது. எல்லாக் குப்பியிலும் கொஞ்சம் இருக்கும். அடுத்து ஆம்பிசிலினின் பெரிய பீக். பேனா அடித்தளத்துக்கு இறங்கி நேர்கோடாக ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தலாம் என்று கை வைத்தேன். அப்போது பேனா மெல்ல ஏற ஆரம்பித்தது. அவசரமே இல்லாமல் ஏறி, அகலமாக ஒரு மேடு போட்டு இறங்கியது. அதை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

எங்கள் சொந்த ஆம்பிசிலினை ஓட்டினேன். அந்த மேடு கண்ணுக்குத் தெரியாத அளவில்தான் இருந்தது. பொன்னேரி மருந்துக்கடையில் அதே கம்பெனியின் வேறு பேட்ச், அதாவது வேறொரு தொகுதியில் தயாரான குப்பி வாங்கிவந்து ஓட்டினேன். அதிலும் பெரிதாக இல்லை. நர்சம்மா கொடுத்த குப்பிகளில் மட்டும் ஒவ்வொன்றிலும் அந்த மேடு இருந்தது.

பிறகு நடந்ததுதான் என்னைக் கலங்க வைத்தது. ஒருநாள் மத்தியானம் கரைத்து ஓட்டிய கரைசலின் மீதி மேஜைமேல் அப்படியே இருந்தது. சாயங்காலம் அதையே திரும்பச் செலுத்தினேன். அந்த மேடு பல மடங்கு உயர்ந்திருந்தது. தண்ணீரில் கெட்டியாகக் கரைத்து வைத்தால் நேரம் ஆக ஆக அது வளரும் என்று புரிந்தது. அப்படியென்றால், நர்சம்மா காலையில் பழவேற்காட்டிலேயே மருந்தைக் கலக்கி எடுத்துக்கொண்டு, ஏரியைக் கடந்து, வீடு வீடாகப் போட்டுக்கொண்டு வந்திருந்தால்?

அதை சாரிடம் சொன்னேன். "கேட்டுத் தெரிஞ்சுக்கோ," என்றார். "ஆனா அந்தம்மாகிட்ட மட்டும் கேட்டா போதாது."

வேறு யாரைக் கேட்பது என்று யோசித்தபோதுதான், அன்று அந்த அறையில் இருந்த சின்னம்மாவை யாருமே ஒன்றும் கேட்கவில்லை என்பது உறைத்தது. ஊர்க்கூட்டத்தில் பெண்கள் பேசுவதில்லை. துக்கத்தில் இருக்கிறவளிடம் எதைக் கேட்பது என்று வீட்டிலும் யாரும் கேட்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். சின்னம்மா எறா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"சின்னம்மா, அன்னிக்கி நர்சம்மா மருந்து கலக்கிக்கினு வந்தாங்களா, இங்க வந்து கலக்குனாங்களா?"

அவள் கையை நிறுத்தவில்லை. "இங்கதான். என் அடுப்புலதான் ஊசியப் போட்டு கொதிக்க வெச்சாங்க. கஞ்சிக்கு வெச்ச ஒலைய எறக்கிட்டு அவங்களுக்கு அடுப்பு குடுத்தேன். என் எதிர்லதான் மூடிய நிமிட்டி எடுத்து தண்ணி உட்டு குலுக்குனாங்க. ஒங்க சின்ன நைனா கூட இன்னாமோ கேலி பண்ணாரு, மோர் கடையறியான்னு."

"இத நைனாகிட்ட சொன்னியா?"

"அவரு கேக்கலியே," என்றாள்.

திரும்பி வந்ததும் அந்த மேட்டுக்குள் இருப்பது என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்பது எனக்கு ஒரு வெறிபோல ஆகிவிட்டது. குரோமட்டோகிராபி, இங்கே ஏதோ இருக்கிறது என்று காட்டுமே தவிர, அது என்ன என்று சொல்லாது. அதற்கு அந்தப் பொருளைத் தனியாகப் பிரித்து எடை பார்க்க வேண்டும். ஒரு மூலக்கூறின் எடை. அதைப் பார்க்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் எங்களிடம் கிடையாது. ஐதராபாத்தில் ஒரு ஆய்வுக்கூடத்தில் இருந்தது. சார் அங்கே தெரிந்தவரிடம் பேசினார்.

பல மத்தியானங்கள் அதே மருந்தைத் திரும்பத் திரும்பச் செலுத்தி, அந்த மேடு ஏறும்போது மட்டும் குழாயின் கடைசியில் வருகிற சொட்டுகளைச் சின்னக் கண்ணாடிக் குழாயில் பிடித்தேன். ஐஸில் வைத்துச் சேர்த்து, உறையவைத்து உலர்த்தியபோது கடைசியில் குழாயின் அடியில் தூசிபோல ஒரு படலம் மிஞ்சியது. அதை எடுத்துக்கொண்டு ஐதராபாத்துக்கு ரயில் ஏறினேன்.

கருவியை இயக்கியவர் ஒல்லியான மனிதர். நான் பேசிய எல்லைப்புறத் தெலுங்கைக் கேட்டு அவருக்குச் சிரிப்பு வந்தது. மீன் விற்கிறவர்கள் தெலுங்கு மாதிரி இருக்கிறது என்றார். ஆமாம், மீன் விற்கிறவர்கள்தான் என்றேன். அதற்குப் பிறகு ரொம்ப மரியாதையாக நடந்துகொண்டார். என் தூசியை ஒரு சொட்டு கிளிசரினில் குழைத்து, ஒரு உலோகக் கம்பியின் நுனியில் தடவிக் கருவிக்குள் செலுத்தினார். உள்ளே காற்றே இல்லாத வெற்றிடம். வேகமாகப் பாயும் அணுக்கள் அந்தச் சொட்டைத் தாக்கும். மூலக்கூறுகள் மின்னூட்டம் பெற்றுத் தெறிக்கும். அவை காந்தப்புலத்தில் வளைந்து போகிற அளவை வைத்துக் கருவி எடையைச் சொல்லும்.

தாளில் கோடுகள் விழுந்தன. கிளிசரினுடைய கோடுகளை ஒவ்வொன்றாகக் காட்டித் தள்ளச் சொன்னார். மிஞ்சியதில் முந்நூற்று ஐம்பதில் ஒரு கோடு. வலது ஓரத்தில், வேறு எதுவும் இல்லாத இடத்தில், அறுநூற்றுத் தொண்ணூற்றொன்பதில் ஒரு கோடு.

ஆம்பிசிலினின் எடை முந்நூற்று நாற்பத்தொன்பது. இரண்டு ஆம்பிசிலின் சேர்ந்தால் அறுநூற்றுத் தொண்ணூற்றெட்டு. கருவி எப்போதும் ஒன்று கூட்டிக் காட்டும். அவ்வளவுதான். ஆம்பிசிலினில் நாலு மூலையுள்ள ஒரு இறுக்கமான வளையம் உண்டு. அது எப்போதும் பிரியத் தயாராக இருக்கும். ஈரமும் சூடும் சேரும்போது ஒரு ஆம்பிசிலின் பக்கத்திலிருக்கும் இன்னொன்றின் வளையத்தைத் திறந்து அதோடு பிணைந்துகொள்கிறது. இரண்டு மூன்றாகவும் மூன்று நாலாகவும் ஆகக்கூடும். சரியாக உலர்த்தாமல் அடைத்திருக்கலாம். இல்லை, தகரக் கூரைக்கு அடியில் ஒரு கோடைகாலம் கிடந்திருக்கலாம். எப்படி ஆனாலும் நர்சம்மா சீல் உடைப்பதற்கு முன்பே அது குப்பிக்குள் இருந்தது.

அந்தக் கோட்டைப் பார்த்த நிமிஷம் எனக்குப் பெரிய சந்தோஷமாக இருந்தது. என் சின்ன நைனா செத்ததையே அப்போது மறந்திருந்தேன். ரயிலில் திரும்பும்போதுதான் அது எனக்குப் புரிந்தது. ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

சாரிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். "நல்ல வேலை," என்றார். இரட்டிப்பான இந்த மூலக்கூறுகள் உடம்பில் ஒவ்வாமையைக் கிளப்பும் என்று சந்தேகம் இருக்கிறது, ஆனால் சுத்தமான ஆம்பிசிலினும் சிலருக்கு அதைச் செய்யும் என்றார். "நீ கண்டுபிடிச்சது குப்பிக்குள்ள என்ன இருந்துச்சுங்கறது. ஒங்க சித்தப்பா ஒடம்புக்குள்ள என்ன நடந்துச்சுங்கறத இந்தக் கருவியால சொல்ல முடியாது. யார்கிட்ட சொன்னாலும் அதையும் சேத்துச் சொல்லு." மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகளுக்கு அவரே எழுதினார். கிடைத்தது என்று பதில் வந்தது. அப்புறம் ஒன்றும் வரவில்லை.

முதலில் நர்சம்மாவிடம்தான் சொன்னேன். பொன்னேரி ரயில் நிலையத்துச் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த எளிய வார்த்தைகளில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும் என்று எதிர்பார்த்தேன். அவர் கைக்குட்டையை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"அப்ப மருந்துலதான் இருந்துருக்குது."

"ஆமா சிஸ்டர். ஒங்க மேல தப்பே இல்ல."

"அந்த டப்பாவுலேருந்து எத்தினி பேருக்குப் போட்டேன் தெரியுமா? எனக்கே தெரியாது. சின்னக் கொழந்தைங்களுக்குக்கூட போட்டேன்." கைக்குட்டையைப் பைக்குள் வைத்துவிட்டு, "மருந்துல இருந்தாலும் போட்டது நான்தானம்மா," என்றார்.

கும்மிடிப்பூண்டி ரயில் வந்தது, போனது. அடுத்த சில மாதங்களில் அவர் தானாகவே கேட்டு எளாவூர் பக்கம் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

நைனாவிடம் சொன்னது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தார். நான் பேசி முடிக்கும்வரை குறுக்கிடவில்லை.

"அதுதான் அவனக் கொன்னுச்சா?" என்று கேட்டார்.

"இருக்கலாம் நைனா. உறுதியா சொல்ல முடியாது."

"இருக்கலாம்னா, இல்லாமலும் இருக்கலாம்."

"ஆமா. ஆனா நர்சம்மா மேல தப்பு இல்லங்கறது உறுதி. கலக்குனதும் நம்ம வீட்லதான். சின்னம்மாவ கேளுங்க."

அவர் வலையில் சிக்கியிருந்த ஒரு நண்டுக் காலை எடுத்துப் போட்டார். "இத்தினி படிச்சிட்டு, ரயிலேறி எங்கியோ போய்ப் பாத்துட்டு வந்து, தெரியலன்னு சொல்ற," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அன்று நான், ஆமாம், அதுதான் கொன்றது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நைனா மனம் இறங்கி நர்சம்மாவுக்குப் படகு அனுப்பியிருப்பாரோ என்று பிறகு பல வருஷம் நினைத்திருக்கிறேன். ஆனால் அது எனக்குத் தெரியாத விஷயம். தெரியாததைத் தெரியும் என்று சொல்ல எனக்கு அன்று வாய் வரவில்லை.

நர்சம்மாவுக்குப் பதிலாக வந்தவர் ஏரியைக் கடந்து வந்ததே இல்லை. எதற்கும் பழவேற்காட்டுக்குப் போக வேண்டியிருந்தது. கர்ப்பிணிகள் காற்றடிக்கிற நாளிலும் படகேறினார்கள்.

அடுத்த வருஷம் நைனாவின் காலில் கெளுத்தி முள் ஏறியது. ஏரியில் இறங்குகிறவர்களுக்கு அது சாதாரணம். மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிக்கொண்டு மறுநாளே தொழிலுக்குப் போனார். ஒரு வாரத்தில் கால் வீங்கி நீலமாகிவிட்டது. சின்னம்மா பழவேற்காட்டுக்குக் கூட்டிப்போனாள். டாக்டர் ஊசி போட வேண்டும் என்றார். நைனா எழுந்து வெளியே வந்துவிட்டார். சின்னம்மா படகுத்துறையில் ஒரு பாய் வைத்திருந்த ஐஸ் கடையிலிருந்து எனக்குப் போன் செய்து அழுதாள். நான் போனபோது காய்ச்சலில் படுத்திருந்தார். காலிலிருந்து வாடை அடித்தது.

"நைனா, ஊசி போட்டுக்கலன்னா காலு போயிடும்."

"நீதான சொன்ன."

"இன்னா சொன்னேன்?"

"மருந்துக்குள்ளயே ஒண்ணு இருக்குதுன்னு. கண்ணுக்குத் தெரியாதுன்னு. எந்தச் சீசாவுல கீது, எதுல இல்லன்னு டாக்டருக்கும் தெரியாதுன்னு நீதான சொன்ன."

நான் சொன்னதில் நைனா மனதில் தங்கியது அது மட்டும்தான். நர்சம்மாவின்மேல் தப்பில்லை என்பது தங்கவில்லை. மருந்தை நம்பக்கூடாது என்பது தங்கிவிட்டது.

மயக்கத்தில் நினைவு தப்பிய பிறகுதான் அவரைச் சென்னைக்குக் கொண்டுபோக முடிந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். நினைவு வந்தபோது ஒரு நர்ஸ் ஊசியுடன் நின்றிருந்தார். நைனா கையை இழுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இத நீ பாத்தியா?"

அந்தக் குப்பி எங்கிருந்து வந்தது, எந்தத் தொகுதி, எனக்கு ஒன்றும் தெரியாது.

"பாத்துட்டேன் நைனா. சுத்தமா கீது."

கையை நீட்டினார். ஊசி ஏறி முடியும்வரை நான் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒவ்வொரு வேளையும் கேட்டார், ஒவ்வொரு வேளையும் பார்த்துவிட்டேன் என்று சொன்னேன்.

எங்கள் கம்பெனியில் சார் அந்த மேட்டைத் தேடுவதை வழக்கமான சோதனையில் சேர்த்தார். பேனாவைச் சீக்கிரம் நிறுத்தாமல் கடைசிவரை ஓடவிட வேண்டும் என்பது அதன்பின் எங்கள் பிரிவில் எல்லோருக்கும் பழக்கமாயிற்று. சில தொகுதிகளைத் திருப்பி அனுப்பினோம். அது யாருக்காவது நன்மை செய்திருக்கும். அவர்கள் யார் என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தவர்களுக்கு அதனால் ஒரு நன்மையும் ஆகவில்லை.

நைனா அக்குளில் கட்டை ஊன்றி நடக்கப் பழகிய பிறகு ஒருநாள், தானாகவே, "அந்தம்மா எங்க கீது இப்ப?" என்று கேட்டார். இருவரும் எளாவூருக்குப் பஸ்ஸில் போனோம். நர்சம்மா சோதனைச்சாவடி தாண்டி ஒரு சின்ன ஓட்டு வீட்டில் தங்கியிருந்தார். நைனாவின் காலைப் பார்த்ததும் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். நாற்காலி போட்டார், டீ போட்டுக் கொடுத்தார்.

நைனா டீயைக் குடித்து முடித்துவிட்டு, டம்ளரைக் கீழே வைத்தார். "நான் சொன்னது தப்பும்மா. தம்பி போன துக்கத்துல சொல்லிட்டேன். நீ வா. படகு நானே அனுப்பறேன்."

"ஐயோ, அதெல்லாம் வேணாங்க."

"ஊருல எல்லாருகிட்டயும் சொல்லிட்டேன். யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க."

நர்சம்மா என்னைப் பார்த்தார், பிறகு நைனாவைப் பார்த்தார். "நான் இப்ப ஊசி போடறதில்லைங்க. கொழந்தைங்கள எடை பாக்கறேன், மாத்திரை குடுக்கறேன். ஊசின்னா வேற யாரையாவது வரச்சொல்லிடறேன். போடணும்னு சீசாவ எடுத்தா இதுல இன்னா கீதோன்னு தோணுது. கை ஓட மாட்டேங்குது." அதைச் சொல்லும்போது அவர் குரலில் வருத்தம்கூட இல்லை. வேலைக்குப் போகிற பஸ் மாறிவிட்டது என்று சொல்வதுபோலச் சொன்னார்.

அந்தக் கேள்வியை அவருக்குள் போட்டவள் நான். அவர் கேட்டார், நான் சொன்னேன். இரண்டு பேரும் தப்பாக ஒன்றும் செய்துவிடவில்லை. ஆனாலும் இன்னும் இருபது வருஷமாவது செய்திருக்கக்கூடிய ஒரு வேலையை அவர் விட்டுவிட்டார், எங்கள் ஊர் அவரை இழந்தது.

கிளம்பும்போது சின்னம்மாவை விசாரித்தார். நண்டு வியாபாரத்துக்குப் பொன்னேரிவரை போகிறாள் என்று சொன்னேன். நல்லது என்றார். பஸ் நிற்குமிடம்வரை வந்தார். நைனா அவரிடம் வேறு எதையும் வற்புறுத்தவில்லை.

திரும்பும் பஸ்ஸில் கூட்டம் அதிகம். நைனாவுக்கு ஜன்னலோர இடம் கொடுத்தார்கள். கட்டையை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டார்.

"அந்தம்மா நம்ம ஊருக்கு வந்தப்ப சின்னப் பொண்ணு," என்றார் ஒரு இடத்தில்.

"ஆமா நைனா."

"தனியாத்தான் கீதா?"

"தனியாத்தான்."

பொன்னேரி வந்ததும் இறங்கி, பழவேற்காடு பஸ்ஸுக்காக நின்றோம்.